படம் எடுக்க வந்தவரும் படத்தில் இருந்தவரும்

பாசிக்குடாவுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் கருவாடு போட்டு விற்றுச் சீவியம் நடத்தும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பதைக் கட்டுரையை வாசித்து முடிக்கும்போது நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

2014 ஆம் ஆண்டு, கடல் அமைதியாக இருக்கும் ஆவணி மாதத்தில், வெளிநாட்டுப் புகைப்படக் கலைஞர் ஒருவர் விடுமுறையைக் கழிக்க இலங்கைக்கு வந்திருந்தார். சிகிரியா, கண்டி, நுவரெலியா எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசி நான்கு நாட்களைக் கடலில் குளித்துக் கழிப்பதற்காகப் பாசிக்குடாவுக்கு வந்தவர் அவர். குளித்துக் களைத்த ஒரு காலை நேரம், ஓட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு அக்காவின் கிராமத்துக்கு வந்தார். அக்கா பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் சூடைக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். வந்தவர் சிரித்தார், கமராவைக் காட்டினார், தலையை ஆட்டினார். அக்காவும் பதிலுக்குச் சிரித்தார். அரை மணித்தியாலம் அங்குமிங்கும் நின்று படம் எடுத்துவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது ஓட்டோக்காரத் தம்பி ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அக்காவின் கையில் வைத்தார். நடந்தது அவ்வளவுதான். அக்கா அதை மறந்தும்போனார்.

நான்கு வருடங்கள் கழிந்தன. அக்காவின் அண்ணன் மகள், கடற்கரையிலுள்ள ஓர் உல்லாச விடுதியில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் வேலை முடிந்து ஓடி வந்தவள், “மாமி, உங்கட படம் அங்க சுவரில பெரிசாக் கொழுவிக் கிடக்கு” என்றாள். வரவேற்பறையில், கண்ணாடி போட்ட பெரிய சட்டத்துக்குள் அக்கா இருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: கிழக்குக் கரையின் கருவாட்டுப் பெண்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. அவர் மருமகளிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். “பின்னால வேலியோரம் ஆராவது இருக்கிறாங்களா, வடிவாப் பாத்தியா?”

“ஓம் மாமி. அம்மம்மா இருக்கிறா. பாயில இருந்து வெத்திலை இடிக்கிறா.”

அக்கா அழத் தொடங்கிவிட்டார். அவருடைய தாயார் 2016 இல் காலமானவர். 1990 இல் இடம்பெயர்ந்தபோது கலியாண அல்பம் பெட்டியோடு போயிற்று. அந்த வருடத்திலேதான் அக்காவின் கணவரும் காணாமற்போனார். அதன்பிறகு உறவினர்களிடம் தேடிப் பெற்ற இரண்டு மூன்று படங்களையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி கொண்டுபோயிற்று. தாயாருடைய முகம் என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அடையாள அட்டையிலிருந்த மங்கிய சிறு படம் மட்டுமே.

“தங்கச்சி, அந்தப் படத்தில ஒண்ட எனக்கு எடுத்துத் தரேலுமா?” என்று அக்கா என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் பல நாட்கள் தூங்கவிடவில்லை. விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் எங்கள் தாயின் முகம் இருக்கிறது. அவரிடம் கேட்க எங்களுக்கு வழி தெரியாது. யோசித்துப் பார்த்தால், இந்தத் தீவில் இது புதிய கதையுமல்ல.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர்

யூலியா மார்கிரட் கமரூன் என்பவர் உலகப் புகழ் பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண். 1863 ஆம் ஆண்டு, தனது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டுதான் இவர் படம் எடுக்கக் கற்றார். பேரப்பிள்ளை காணும் வயதில் ஒரு பெண் புதிய தொழில் கற்று முன்னுக்கு வந்தார் என்பது, எம் போன்றவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயமே. விஞ்ஞானி டார்வின், கவிஞர் டெனிசன் போன்றோரின் முகங்களை இன்று உலகம் அறிந்திருப்பதில் இவருடைய படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

இவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன். இலங்கைப் பாடப் புத்தகங்களில் நாம் படித்த கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவின் கமரூன் இவரேதான். அவருக்கு மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875 இல், கணவனும் மனைவியும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார்கள். முதுமையில் புறப்பட்டபடியால் தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. களுத்துறையில் மகனுடைய வீட்டிலும் மலைநாட்டிலும் மாறி மாறி வாழ்ந்தார்கள்.

அக்காலத்துப் புகைப்படக் கலை மிகவும் கடினமானது. கண்ணாடித் தகடொன்றில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கமராவில் வைத்துப் படமெடுத்து, காய்வதற்குள் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். படத்துக்கு நிற்பவர் பல விநாடிகள், சில வேளை நிமிடக் கணக்காக, அசையாமல் நிற்க வேண்டும். இலங்கையின் வெக்கையில் இவ்வேலை எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1877 இன் தொடக்கத்தில் மரியான் நோர்த் என்ற ஓவியர் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தார். உலகமெல்லாம் தனியாகப் பிரயாணம் செய்து செடிகொடிகளையும் பூக்களையும் வரைந்த பெண் இவர். களுத்துறை வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, அவரைப் படம் பிடிக்க வேண்டும் என்று கமரூன் பிடிவாதமாக நின்றார். உச்சி வெயிலில் கம்பளித் துணியைப் போர்த்தி, தலைமயிரை அவிழ்த்து விட்டு, தென்னோலைகள் தலையில் குத்தும் இடத்தில் நிற்கவைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். தான் பட்ட பாட்டை நோர்த் பின்னர் தமது நினைவுக் குறிப்புகளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இன்னொரு சம்பவத்தையும் அவர் சொல்கிறார். ஓர் உள்ளூர் ஆணின் முதுகு கமரூனின் கண்ணுக்கு அழகாகப் பட்டது. உடனே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னார். கமரூனுக்கோ தோட்டம் என்று ஒன்று இருக்கவில்லை.

வாசிக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். தென்னோலை குத்திய நோர்த் அம்மையார் அதைப் புத்தகத்தில் எழுதினார். முதுகைக் காட்டி நின்ற அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பதை எவரும் கேட்டு எழுதவில்லை.

வயதைக் கேட்டார்கள், பெயரைக் குறிக்கவில்லை

கமரூன் இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவை. தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்துப் பெண்களும் சிறுமிகளும் அவற்றில் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் அவை மிகவும் கவனமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று களுத்துறைக் கிராமத்தவர் சிலரின் படம். அந்தச் சிறுமிக்கு வயது 12 என்றும், பக்கத்திலிருக்கும் முதியவர் தாமே அவளுடைய தகப்பன் என்றும் தமக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்றும் படத்தோடு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அவர்களோடு யாரோ பேசியிருக்கிறார்கள். வயதைக் கேட்டிருக்கிறார்கள். உறவைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் குறிப்பில் இல்லை.

கமரூன் வேலைக்காரப் பெண்களின் பெயரைக் குறிக்கத் தெரியாதவர் அல்லர். இங்கிலாந்தில் அவருடைய வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஹிலியரை மாதாவாக வேடமிட்டுப் பல தடவை படமெடுத்தார். மேரி ஹிலியர் யார் என்பது இன்று புகைப்பட வரலாறு படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே பணிப்பெண்ணுக்கும் ஒரு பெயர் இருந்தது. இங்கே கோப்பித் தோட்டத்துப் பெண் வெறுமனே ‘இலங்கைப் பெண்’ ஆனாள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டுக்கு நடத்திக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் காலம் அது. வழியில் இறந்தவர்களின் பெயரே எழுதப்படாத காலத்தில், படத்தில் நின்றவளின் பெயரை யார் தேடப் போகிறார்கள்?

பின்னர் கொழும்பிலும் கண்டியிலும் பெரிய ஸ்டூடியோக்கள் வந்தன. கப்பலில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகள் ஊருக்கு அனுப்புவதற்காக அவர்கள் படங்களையும் தபால் அட்டைகளையும் விற்றார்கள். யானை, தென்னந்தோப்பு, பேராதனைப் பூங்கா ஆகியவற்றோடு ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்ற அட்டைகளும் விலைப்பட்டன. தென்னை மரத்துக்குப் பெயர் தேவையில்லாததுபோல அந்தப் பெண்களுக்கும் பெயர் தேவைப்படவில்லை.

எனினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கமரூன் அந்தக் கண்ணாடித் தகடுகளோடு வெயிலில் மல்லுக்கட்டியிராவிட்டால், அந்தச் சிறுமியின் முகமும் எமக்குக் கிடைத்திராது. அவர் 1879 ஜனவரி 26 ஆம் திகதி டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவருடைய பெயர் இருக்கிறது. அவர் படம் பிடித்த பெண்கள் எங்கே அடக்கமானார்கள் என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

நாங்களும் அதைத்தான் செய்தோம்

இதையெல்லாம் வெள்ளைக்காரர் செய்த குற்றமென்று சொல்லிவிட்டு நான் தப்பிக்கொள்ள முடியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு நான் வேலைக்கு வந்த முதல் வருடம், எனக்கு ஒரு சிறிய கமரா தந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஐந்து படம், ஒவ்வொரு உதவி வழங்கலுக்கும் பத்துப் படம் அறிக்கையோடு இணைக்க வேண்டும். தையல் இயந்திரத்தைத் தொட்டபடி ஒரு கைம்பெண், கோழிக்கூட்டுக்கு முன்னால் ஒரு கைம்பெண், பின்னால் நிறுவனத்தின் பதாகை. சகோதரிகளே, இப்படியொரு படத்தில் நில்லாதவர் உங்களுக்குள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

ஒரு முறை, காணாமற்போன மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த தாய் ஒருவர் உடைந்து அழுதார். நான் அந்த நேரத்தில் படம் எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. அந்தப் படம் வருடாந்த அறிக்கையின் அட்டையில் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அறிக்கையின் பிரதி ஒன்றைக்கூட நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. விடுமுறைக்கு வந்த படப்பிடிப்பாளர் செய்ததைவிட நான் செய்தது எந்த வகையில் மேலானது? அவராவது சிரித்துத் தலையை ஆட்டி அனுமதி கேட்டார்.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் சில விநாடிகளில் உலகமெங்கும் போகிறது. யுத்தம் நடந்த இடங்களைப் பார்க்கவென்றே பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. முள்ளிவாய்க்காலில் ஒரு மண்மேட்டைப் படம் எடுப்பவர், பக்கத்திலே விறகு பொறுக்கும் பெண்ணையும் சேர்த்து எடுக்கிறார். அந்தப் பெண்ணின் முகம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், அதனால் அவளுக்கு என்ன வரும் என்பது எடுத்தவருக்கும் தெரியாது. விசாரணைகளுக்குப் பயந்து வாழ்ந்த வீடுகளில் இது சின்ன விடயமல்ல.

அதேவேளை, கமராவை எமது பெண்கள் தாங்களே விரும்பி முகங்கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், தம் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். படம் எடுக்க வந்தவர்களுக்கு அந்தப் படங்களை உயர்த்திக் காட்டினார்கள். எதைக் காட்ட வேண்டும், ஏன் காட்ட வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்திருந்தார்கள். தீர்மானம் யாருடையது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அக்காவுக்குப் படம் கிடைத்தது

நாங்கள் விடுதி முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தை அக்காவும் நானும் நேரே கொண்டுபோனோம். விருந்தினர் வரும் வாசலால் அக்கா உள்ளே போகத் தயங்கினார். “உங்கட படம் உள்ளுக்கு இருக்கு, நீங்க வெளிய நிக்கிறதா?” என்று நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

அக்கா சட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். தன்னைப் பார்க்கவில்லை. மூலையில், வேலியோரம், சற்று மங்கலாகத் தெரிந்த தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முகாமையாளர் சங்கடப்பட்டார். அது படத்திலிருக்கும் பெண்தான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. படம் எடுத்தவரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடித் தந்தார்.

இரண்டு மாதங்களின் பின் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. அன்று காலை எடுத்த படங்களில் ஏழு இருந்தன. ஒன்றில் தாயார் தனியே, உலக்கையைக் கையில் பிடித்தபடி, நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியொரு படம் எடுக்கப்பட்டதே எவருக்கும் தெரியாது. கூடவே ஒரு சிறு கடிதம். கேட்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அப்போது தனக்குத் தோன்றவில்லை என்றும், அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருந்தார். சுவரிலிருக்கும் படத்தின் கீழ் அக்காவின் பெயரைப் போடவா என்றும் கேட்டிருந்தார்.

நான் மிகவும் சந்தோசப்பட்டேன். பெயர் எழுதப்படாத அந்தக் களுத்துறைச் சிறுமி என் நினைவுக்கு வந்தாள். “போடச் சொல்லுவம் அக்கா” என்றேன்.

அக்கா சம்மதிக்கவில்லை. “வேணாம் தங்கச்சி. ஊர் பேர் தெரியாத ஆக்கள் வந்து போற இடம். என்ட பேர் அங்க வேணாம். அம்மாட படம் என்ட வீட்டில இருந்தாப் போதும்.”

படித்த நான் எல்லாப் படத்துக்கும் பெயர் வேண்டும் என்று நினைத்தேன். அக்காவுக்குத் தன் வாழ்க்கை என்னைவிட நன்றாகத் தெரியும். பெயரைப் போடுவதும் போடாமல் விடுவதும் அவருடைய விருப்பம். அந்த விருப்பத்தை அவரிடம் முதன்முறையாக ஒருவர் கேட்டார் என்பதே இங்கு நடந்த நல்ல காரியம். ஆகவே அவருடைய பெயர் இந்தக் கட்டுரையிலும் இல்லை. எழுதுவதற்கு முன் அவருக்கு இதை வாசித்துக் காட்டினேன். “அம்மா வெத்திலை இடிச்சதையும் எழுதினதுதானே?” என்று கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கமராவோடு ஒருவர் வந்தால்

உல்லாசப் பயணிகள் வருவதால் எமது கடற்கரைகளில் தொழில் கிடைக்கிறது. படம் எடுப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசலில் கமராவோடு ஒருவர் நிற்கும்போது, அவர் வெளிநாட்டவராயினும், பத்திரிகைக்காரராயினும், எம் போன்ற நிறுவன உத்தியோகத்தராயினும், நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. பாஷை தெரியாவிட்டால் கூட வரும் வழிகாட்டியிடமோ ஓட்டோக்காரரிடமோ கேட்கச் சொல்லுங்கள்.

1. நீங்கள் யார்? இந்தப் படம் எதற்காக?

2. இது எங்கே வெளிவரும்? புத்தகத்திலா, இணையத்திலா, விற்பனைக்கா?

3. என் பெயரையும் ஊரையும் போடுவீர்களா? போட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொன்னால் கேட்பீர்களா?

4. பிள்ளைகளைப் படம் எடுக்கத் தாயிடமோ பாதுகாவலரிடமோ அனுமதி கேட்டீர்களா?

5. எனக்கு ஒரு பிரதி எப்படி அனுப்புவீர்கள்? உங்கள் முகவரியை எழுதித் தாருங்கள்.

பதில் திருப்தியில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. முதலில் சம்மதித்துப் பிறகு மனம் மாறினாலும், அழித்துவிடும்படி கேட்கலாம். முக்கியமாக ஒன்று: படத்துக்கு நிற்க மறுத்தால் தையல் இயந்திரம் கிடைக்காது, பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும் என்று எந்த உத்தியோகத்தரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அதை எழுப்புங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இடப்பெயர்விலும் சுனாமியிலும் அல்பங்களை இழந்த நாம், இன்று கையிலிருக்கும் கைத்தொலைபேசியில் எமது தாய்மாரைப் படம் எடுத்து வைக்கிறோமா? அவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பியபடி சேலை உடுத்தி, விரும்பிய இடத்தில் இருக்கவிட்டு எடுப்போம். எடுத்ததைத் தொலைபேசிக்குள் விட்டுவிடாமல், இரண்டு பிரதி கழுவி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைப்போம். படத்தின் பின்புறத்தில் பேனாவால் பெயரையும் திகதியையும் எழுதுவோம்.

அக்காவின் வீட்டில் அந்தப் படம் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறது. பின்புறத்தில் தாயாரின் பெயரையும் பிறந்த ஊரையும் அக்காவே எழுதியிருக்கிறார். எழுத்து சற்றுக் கோணல்தான். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்க அது போதும்.